கைக்கு

தங்கம் மேடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நூலகராக வந்தது 2011 ஜூன் மாதம். வந்த முதல் வாரத்திலேயே அவரைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் நாலு கதை கிளம்பிவிட்டது. அதில் இரண்டு நான் கிளப்பியவை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கைக்குட்டை. வலது கையில் எந்நேரமும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருப்பார். புத்தகத்தில் சீல் குத்தும்போதும் அது கையில் இருக்கும். பிள்ளைகளின் கார்டில் தேதி எழுதும்போதும் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். கணக்கு வாத்தியார் சாய்குமார், மேடத்துக்கு உள்ளங்கை வியர்க்கிறது என்றார். ஹிந்தி டீச்சர், ஏதோ வேண்டுதல் என்றார். உள்ளங்கையில் ஒரு பழைய ஆளின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்பது என் சரக்கு. அது இரண்டு நாள் ஓடியது. அப்புறம் ஆறு விரல் என்று ஒன்று விட்டேன். அது ஒரு வாரம் ஓடியது.

நான் கோவிந்தராஜன். அந்தப் பள்ளியில் எலக்ட்ரீஷியன். லேப் அட்டெண்டரும் நானே, மணி அடிக்கிறவர் லீவு போட்டால் மணியும் நானே. எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டார். நான் எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாலாநகரில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். அதை மூடியபின் குகட்பள்ளியில் இருக்கிற இந்தப் பள்ளிக்கு வந்தேன். என் தமிழில் பாதி ஹைதராபாத் உருது. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ.

மேடத்துக்கு ஊர் வேலூருக்கு மேற்கே. வயது நாற்பத்து நாலு. மகள் சுபாஸ்ரீ ஒன்பதாவது, அதே பள்ளியில். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் “ஊர்ல இருக்காரு” என்பதோடு சரி. டீச்சர்களிடம் இங்கிலீஷ், ஆயாக்களிடம் பத்து வார்த்தைத் தெலுங்கு, என்னிடம் மட்டும் வாய் நிறையத் தமிழ்.

அவர் வருவதற்கு முன் எங்கள் நூலகத்தில் எல்லா அலமாரிக்கும் பூட்டு. பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வந்த மறுநாள் பூட்டைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார். இரண்டுக்குச் சாவி இல்லை, ரம்பத்தால் அறுத்தேன்.

“புக்கு காணாமப் போச்சுன்னா மேடம்?”

“போவட்டும்ணா. இப்ப மட்டும் யாருகிட்ட கீது?”

மார்ச் மாதம் கரஸ்பாண்டென்ட் மேடம் மீட்டிங் போட்டார். மாதாப்பூரில் சாஃப்ட்வேர்க்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளி ஒன்றில் மேக்கர் ரூம் வந்துவிட்டது. எங்கள் பெற்றோர்களும் நம் பள்ளியில் எப்போது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஜூனிலிருந்து நம் நூலகமும் மேக்கர் ரூம் ஆகும், பிள்ளைகள் அங்கே கையால் செய்து செய்து படிப்பார்கள், அதற்கு ஆசிரியர்களுக்கும் நூலகருக்கும் ஆறு நாள் பயிற்சி என்றார். பயிற்சி முடித்து சர்ட்டிஃபிகேட் வாங்கும் நூலகர் அந்த அறையை நடத்துவார். வாங்காவிட்டால் ஜூனில் அவருக்கு இடம் இல்லை. இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த அம்மாளுக்கு எதையும் சிரித்துக்கொண்டே சொல்ல வரும்.

மீட்டிங் முடிந்ததும் தங்கம் மேடம் என்னைத் தேடி ஸ்விட்ச் ரூமுக்கே வந்துவிட்டார்.

“அண்ணா, அதுல இன்னா செய்யச் சொல்வாங்க?”

“வெட்டறது, ஒட்டறது, ஸ்க்ரூ முடுக்கறது. எல்கேஜி வேலைதான் மேடம். கொஞ்சம் சால்டரிங் இருக்கும்.”

“அப்டின்னா?”

“சூடா ஒரு கம்பி. அத வச்சு ஈயத்த உருக்கி ஒயர ஒட்டறது.”

கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். சூட்டுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசி வாரம் பயிற்சி. எங்கள் ஹாலில்தான். ஆறு பள்ளிகளிலிருந்து முப்பத்திரண்டு பேர், அதில் ஐந்து பேர் நூலகர்கள். சொல்லிக் கொடுக்க வந்தவர் யூசுப் என்று முப்பது வயதுக்காரர். ஹைதராபாத் பழைய நகரத்து ஆள். மாதாப்பூர் கம்பெனியில் நல்ல வேலையை விட்டுவிட்டு வாத்தியார்களுக்கு வாத்தியாராக வந்தவராம். நல்ல வேலையை விட்டவன் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஆனால் ஆள் தங்கமானவர். என்னையே அண்ணன் என்கிற அர்த்தத்தில் ‘பாய்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. யார் கையிலிருந்தும் சாமானை வாங்கிச் செய்து காட்டக் கூடாது. எதிரில் இருப்பவர் தப்பாகச் செய்தாலும் கை வைக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நாளைக்குப் பிள்ளைகளிடம் நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பார். அதற்காகவே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வருவார். இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு இது பெரிய தண்டனை.

முதல் நாள் அட்டை, ஸ்ட்ரா, பாட்டில் மூடி எல்லாம் கொடுத்து ஓடுகிற வண்டி செய்யச் சொன்னார். முப்பத்திரண்டு பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எழுத ஒன்றும் இல்லை என்றதும் முகமெல்லாம் வாடிவிட்டது. சாய்குமார், இதற்கு எத்தனை மார்க் என்று கேட்டார். அவர் செய்த வண்டியில் சக்கரத்தையும் அச்சையும் சேர்த்து அட்டையோடு ஒட்டிவிட்டார். ஏன் ஓடவில்லை என்று யூசுப் கேட்டதற்கு, இது பார்க்கிங்கில் நிற்கிறது சார் என்றார். அன்றைக்கு அந்த ஹாலில் நல்ல சிரிப்பு.

தங்கம் மேடத்தின் வண்டி ஓடியது. இடது கையால் வெட்டி, கைக்குட்டை சுற்றிய வலது கையால் அழுத்திப் பிடித்து, மெதுவாகச் செய்தார். சாமான்களை வீட்டுக்கும் எடுத்துப் போய் மகளோடு செய்து பார்த்தார். இரண்டாம் நாள் செப்புக் கம்பியைச் சுற்றி, காந்தம் வைத்து, சின்ன மோட்டார் செய்தார்கள். ஹாலில் முதலில் சுற்றியது மேடத்துடையது. பதினேழு வருஷம் வைண்டிங் செய்தவன் நான், அந்தச் சுற்றில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சால்டரிங்.

மேஜை மேஜையாக ஒயர் இழுத்து, பன்னிரண்டு சால்டரிங் அயர்னுக்கு பிளக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். கரண்ட் இருந்ததே பெரிய விஷயம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பன்னிரண்டு கம்பி புகைந்தது. ஈயமும் குங்கிலியமும் கலந்த அந்த வாசனை எனக்குப் பழகியது. அதற்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. அதுவும் எனக்குப் பழகியதுதான். பட்டறையில் யாராவது அசந்தால் வரும். தோல் பொசுங்குகிற வாசனை.

யாரும் கத்தவில்லை. அதுதான் விசித்திரம். சூடு பட்டவன் கத்துவான், பட்டறையில் அப்படித்தான் தெரிந்துகொள்வோம். சுற்றிப் பார்த்தேன். தங்கம் மேடம் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எல்இடி பல்பின் கம்பிக் காலில் ஈயத்தை விட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டை நழுவி மேஜையில் கிடந்தது. வலது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கி, பிடியைத் தாண்டி, சுடுகிற இரும்பின் மேலேயே படுத்திருந்தன. ஈயம் சரியாக ஓடியதில் மேடம் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்.

எனக்கு முன் யூசுப் பார்த்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. பேசிக்கொண்டிருந்த இங்கிலீஷ் எல்லாம் பறந்துபோய், வீட்டில் பேசுகிற பேச்சு வாயில் வந்தது.

“மேடம், கைக்கு? கைக்கு மேடம்?”

ஹைதராபாத் உருதுவில் கைக்கு என்றால் ஏன், எதற்கு என்று அர்த்தம். ஏன் மேடம் அங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. தெலுங்கும் இங்கிலீஷும் கேட்டே பத்து மாதம் ஓட்டிய தங்கம் மேடத்துக்கு அது தமிழாக விழுந்துவிட்டது. கைக்கு. கைக்கு என்ன?

நிமிர்ந்து பார்த்தார். கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. தமிழில், தடதடவென்று சொல்லிவிட்டார்.

“கைக்கு ஒண்ணும் இல்ல சார். தொழுநோய் இருந்தது பன்னெண்டு வருஷம் முன்னாடி. ஒரு வருஷம் மாத்திரை முழுசாச் சாப்ட்டுட்டேன். இப்ப யாருக்கும் ஒட்டாது. டாக்டர் எழுதிக் குடுத்தது வீட்டுல கீது. வெரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பல, அவ்ளோதான் சார்.”

ஹாலில் அத்தனை பேரும் மேடத்தைப் பார்த்தார்கள். டாக்டர், மாத்திரை என்ற இரண்டு வார்த்தை தவிர யாருக்கும் எதுவும் புரியவில்லை. தொழுநோய் என்பது தமிழுக்கு மட்டும் தெரிந்த சொல். குஷ்டம் என்று சொல்லியிருந்தால் தெலுங்குக்கும் தெரியும், ஹிந்திக்கும் தெரியும், அடுத்த நிமிஷம் ஹாலில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்திருக்கும்.

மேடம் என்ன சொல்கிறார் என்று கேட்டு யூசுப் என் பக்கம் திரும்பினார். “பாய், மேடம் கியா போல்ரை?”

மேடமும் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், கேட்டவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும் என்பதும்.

“சுகர் ஹை சாப்,” என்று உருதுவிலேயே சொன்னேன். “சர்க்கரை வியாதி. விரல் மரத்துப் போச்சாம், டாக்டர் சொல்லியிருக்காராம்.”

அவ்வளவுதான், ஹாலே இளகிவிட்டது. அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஒருவர் பஞ்சு கொண்டுவந்தார், ஒருவர் மருந்து. சாய்குமார் தன் காலில் ஆணி குத்தினால்கூடத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே நல்ல பொய் அது.

சாயங்காலம் மேடம் என்னை நூலகத்துக்குக் கூப்பிட்டார். விரல்களில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கைக்குட்டை இல்லை. கட்டு இருக்கும்போது அது எதற்கு.

“அவரு இன்னாண்ணா கேட்டாரு?”

“ஏன் அங்க புடிக்கிறீங்கன்னு கேட்டாரு மேடம்.”

“கைக்குன்னாரே.”

“அது அவங்க பேச்சு. கைக்குன்னா ஏன்னு அர்த்தம்.”

பிறகு அவராகவே சொன்னார். மகளுக்கு இரண்டு வயதில் நோயைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்காரர் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார், அப்புறம் ஆளையே தனியாக வைத்தார். மருந்து ஒரு வருஷத்தில் வேலையை முடித்துவிட்டது. ஊர் முடிக்கவில்லை. இரண்டு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார், இரண்டிலும் பின்னாலேயே பேச்சு வந்து சேர்ந்தது. ஒன்றில் பிள்ளைகள் அவர் கொடுத்த புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்களாம். அதனால்தான் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லாத ஊராகப் பார்த்து வந்திருக்கிறார்.

“இங்க வந்து பத்து மாசம் நான் யாரோ ஒரு லைப்ரேரியன்ணா. அவ்ளோதான். அதுக்காகத்தான் வந்தேன். இந்த ஊர்ல இப்ப உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும். சுபாவுக்குக்கூட முழுசாத் தெரியாது.”

“என் வாயிலேர்ந்து வராது மேடம்.”

“உங்க வாயப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல வேற மாதிரி சொல்றாங்க. ஆறு வெரல்னு சொன்னது நீங்கதானாமே.”

“ஹவ் மேடம்.”

“ஆறு இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ரெண்டு போனாலும் நாலு தேறும்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். சாமி சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து மேடத்துக்குச் சர்க்கரை போடாத டீ வந்தது. அவர் டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடிக்கிற ஆள். எதுவும் கேட்காமல் குடித்தார். ஹிந்தி டீச்சர் வெந்தயத்தை ஊறவைத்துக் கொண்டுவந்து கொடுத்து எதிரிலேயே நின்றார், அதையும் குடித்தார். யாரோ ஒரு பெட்டி பாகற்காய் வறுவல் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்கு மேடம் ஸ்டாஃப் ரூமில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். கட்டுப் போட்ட கையை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் ‘கைக்கு’ உள்ளே கிடந்து உருண்டது. ஒரு சொல், இரண்டு பாஷை, ஒரு காதில் ஏன், இன்னொரு காதில் கை. நாற்பத்தெட்டு வயதில் இதைப்போல ஒரு ஜோக்கு எனக்குச் சிக்கியதில்லை. இதைக் கேட்டுச் சிரிக்க இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி எனக்கு ஒரே ஒருவன், வேன் டிரைவர் சந்தானம். மதுரைப் பக்கத்து ஆள், பதினைந்து வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறான்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, ஹவுசிங் போர்டு மூலையில் இருக்கிற இரானி டீக்கடையில் அவனைப் பிடித்தேன். முதலில் நோயை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். யூசுப் கைக்குன்னு கேட்டாரு, இந்தம்மா தமிழ்ல கைக்குன்னு நெனச்சிடுச்சு, அவ்வளவுதான்.

சந்தானம் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே, “இதுல என்னய்யா சிரிப்பு இருக்கு?” என்றான்.

“கைக்குன்னா ஏன். இவங்களுக்குக் கை.”

“அது தெரியுது. அந்தம்மா என்ன பதில் சொன்னுச்சு?”

“அது என்னமோ சொன்னுச்சு.”

“பதில் இல்லாம ஜோக்கு எப்படி முடியும்? ஒனக்குப் பாதிதான்யா தெரியும். சும்மா வந்து கதை விடுறே.”

எனக்குப் பாதிதான் தெரியும் என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். முழுசும் சொல்லிவிட்டேன்.

சந்தானம் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அது நனைந்து டீயிலேயே விழுந்தது.

“கோவிந்து, எம்பொண்ணு தெனம் அங்க போயி புக்கு எடுத்துட்டு வருது.”

“மருந்து சாப்ட்டாச்சுய்யா. ஒட்டாது.”

“ஒட்டாதுன்னு அந்தம்மா சொல்லுச்சு. நீ டாக்டரா?”

“யாருகிட்டயும் சொல்லாத.”

“நீ சொல்லிட்டல்ல,” என்று எழுந்தான்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் தன் சம்சாரம் அம்மணியிடம் மட்டும்தான் சொன்னான். அம்மணி எங்கள் நர்சரியில் ஆயா. பெண்ணை நூலகத்துக்கு அனுப்பாதே என்று சொல்வதற்காகச் சொல்லியிருக்கிறான். அம்மணி பக்கத்து ஆயாவிடம் சொல்லும்போது தெலுங்கில்தானே சொல்ல வேண்டும். தொழுநோய்க்குத் தெலுங்கில் வேறு பெயர். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் ஸ்டாஃப் ரூம் வரை ஏறி, சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் காதுக்கும் போய்விட்டது.

அன்றைக்கு மேடத்துக்கு யாரும் டீ கொண்டுவரவில்லை. நாளை செய்து காட்ட வேண்டிய வேலையில் எல்லாரும் மும்முரம் என்று அவர் நினைத்திருப்பார். அவரும் மும்முரமாகத்தான் இருந்தார். துணி காயப்போடுகிற கிளிப்பில் இரண்டு எல்இடியும் ஒரு பட்டன் பேட்டரியும் வைத்து விளக்குச் செய்தார். அதைப் புத்தகத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். கோடையில் தினம் கரண்ட் போகிற ஊர். ஒவ்வொரு பிள்ளையும் தன் விளக்கைத் தானே செய்து, பிடித்த புத்தகம் ஒன்றோடு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், கரண்ட் போனதும் அந்த வெளிச்சத்தில் எத்தனை பக்கம் படித்தேன் என்று வந்து சொல்ல வேண்டும். இதுதான் அவருடைய பாடம். யூசுப் அதைக் கேட்டுவிட்டு, நூலகருக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும் என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர்கள் வந்தார்கள். வாசலில் பலகை. எதை வேண்டுமானாலும் தொட்டுப் பாருங்கள், எடுத்துப் பாருங்கள் என்று யூசுப் எழுதச் சொல்லியிருந்தார். சுவரோரமாக வரிசையாக மேஜைகள். ஓடாத வண்டி செய்த சாய்குமார், பலூன் வைத்து ஒரு ராக்கெட் செய்திருந்தார். அதைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லா மேஜையிலும் பிள்ளைகளின் கை, பெரியவர்களின் கை.

தங்கம் மேடத்தின் மேஜை கதவுக்குப் பக்கத்தில். இருபது கிளிப் விளக்கு, இருபது புத்தகம். ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. வருகிறவர்கள் கதவைத் தாண்டியதும் எதிர்ப்பக்கமாக வளைந்து போனார்கள், தரையில் யாரோ கோடு போட்டு வைத்ததைப்போல. ஒரு சின்னப் பெண் ஓடிவந்து விளக்கின் மேல் கை வைக்கப் போனாள். அவள் அம்மா பின்னாலேயே வந்து அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். குழந்தைக்கு எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியவில்லை. மேடத்துக்குத் தெரிந்துவிட்டது.

தலையைத் தூக்கி ஹால் முழுக்கப் பார்த்தார். என்னைத்தான் தேடினார். நான் குனிந்து, நன்றாக இருந்த ஒரு பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

யூசுப் என்னிடம் வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். மேடம் அன்றைக்குத் தமிழில் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்குச் சுகர் என்றது நீங்கள்தானே பாய் என்றார். ஹவ் என்றேன். பிறகு எப்படி வெளியே போயிற்று என்றார். நான் கீழே கிடந்த ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் நேராக அந்த மேஜைக்குப் போய், ஒரு விளக்கை எடுத்துத் தன் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு, மேடத்தோடு கொஞ்ச நேரம் நின்று பேசினார். பிறகு கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, நேராகத் தன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். அவர் கையெழுத்துப் போட்ட சர்ட்டிஃபிகேட் அன்றைக்கே மேடத்துக்குக் கிடைத்தது. அதே கவரில் கரஸ்பாண்டென்ட் மேடத்தின் கடிதமும் இருந்தது. உடல்நலத்தைக் கருதி ஜூனிலிருந்து அவர் ஓய்வெடுக்கலாம், மகளின் டி.சி. தயாராக இருக்கிறது. நோயின் பெயரை யாரும் எழுதவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை நூலகத்தை பினாயில் போட்டுக் கழுவினார்கள். இருபது புத்தகத்தையும் விளக்குகளையும் ஒரு சாக்கில் கட்டினார்கள். மேடம் உட்கார்ந்த நாற்காலியை ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார்கள். சுமக்கச் சொன்ன மூன்று பேரும் நகரவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியைக் காலி செய்தவன் நான்தானே.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஹவுசிங் போர்டு காலனி மூன்றாம் ஃபேஸில், மாடியில் ஒரு போர்ஷன். கதவைத் திறந்தது சுபாஸ்ரீ. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “அம்மா, ஹீ ஹேஸ் கம்,” என்றாள். தினமும் வாய் நிறைய அங்கிள் என்று கூப்பிடுகிற பெண். அது யார் வாயிலிருந்து வந்தது என்று பள்ளியில் யாரோ அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளே மூட்டைகள் கட்டியிருந்தன. மேடம் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருகிட்டண்ணா சொன்னீங்க?”

“சந்தானம் ஒருத்தன்கிட்டதான் மேடம்.”

“எம்மேல எதுனா கோவமா?”

“சாமி சத்தியமா இல்ல மேடம்.”

“பின்ன எதுக்கு?”

“அந்தக் கைக்குங்கிற வார்த்தை… ஒரு ஜோக்கு மாதிரி இருந்துச்சு மேடம். அதச் சொல்லப் போயி…”

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, இன்னொரு நுனியை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“அவரு சிரிச்சாரா?”

“இல்ல மேடம்.”

தலையை ஆட்டிக்கொண்டார். மகளை அழைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து என் எதிரில் நீட்டிக்கொண்டே நின்றாள். நான் குடிக்கிறேனா என்று இருவரும் பார்த்தார்கள். குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

“எந்த ஊருக்குப் போறீங்க மேடம்? அங்க எதுனா ஆள் தெரிஞ்சா சொல்றேன். எங்க சொந்தக்காரங்க நாலு ஊர்ல…”

“வேலை கெடைச்சிருக்குண்ணா. யூசுப் சார் சொல்லிவிட்டாரு. அங்கயும் லைப்ரரிதான். இந்த சர்ட்டிஃபிகேட் இருந்தாப் போதுமாம்.”

“நல்லது மேடம். எந்த ஊரு?”

அடுத்த பெட்டியை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

“அத மட்டும் உங்ககிட்ட சொல்ல மாட்டேண்ணா. தப்பா நெனச்சிக்காதீங்க.”